கண்ணாடிக் கூட்டில் இருந்த மாத்திரை

கோவையில் ஒரு கலைக் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றவன் நான். அன்றுவரை என் பெயர்மீது எவரும் ஒரு குறை சொன்னதில்லை. உறவில் வரன் பார்ப்பதானாலும் தோட்டத்தைப் பாகம் பிரிப்பதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டபின்பே முடிவு செய்வார்கள். தற்பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னால் நிகழ்ந்தவை அனைத்தும் இந்த மதிப்பினால்தான் நிகழ்ந்தன.

ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில், எங்கள் வீட்டருகே இருந்த கல்யாண மண்டபத்தில் பத்து நாள் யோகா முகாம் நடந்தது. நடத்தியவர் நாற்பது வயதுக்குட்பட்டவர். முன்பு மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தோம். நிறைவு நாளில் பயனடைந்த ஒருவர் மேடையேறித் தம் அனுபவத்தைச் சொல்வார். அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அந்த முறை என்னை அழைத்தார்கள்.

எனக்கு ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. நாள்தோறும் காலையில் ஒரு மாத்திரை. என் மனைவியும் டாக்டரும் தவிர வேறெவருக்கும் அது தெரியாது. நோயாளி என்று பிறர் என்னைப் பார்ப்பதை நான் விரும்பவில்லை. மாத்திரைகளை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொள்வேன். மேடையில் நான் சொன்னது இவ்வளவுதான்: "மூச்சுப் பயிற்சி தொடங்கிய பிறகு என் இரத்த அழுத்தம் சீராக இருக்கிறது. நான் அறிவியல் படித்தவன். அளந்து பார்த்தே சொல்கிறேன்." அதில் பொய் இல்லை. மாத்திரையைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை. கண்ணாடிக் கூடு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

அந்தப் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தார்கள். அடுத்த முகாம் தொண்டாமுத்தூர்ப் பக்கம் நாற்பது நாள் நடந்தது. தொடக்க நாளிலேயே அதை அங்கே ஒலிக்கவிட்டார்கள். என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது அந்த ஊரில்தான். அவளுக்கும் இதே நோய். அண்ணன் குரலை மைக்கில் கேட்டவள் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது வாரம் பால் பாத்திரம் அவள் இடக்கையிலிருந்து நழுவியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் சுருக்கமாகச் சொன்னார்: இது எச்சரிக்கை மட்டுமே, மாத்திரையைத் தொடராவிட்டால் அடுத்தது பக்கவாதமாக வரும்.

வீடு திரும்பிய பின்னும் அவள் தொடரவில்லை. கொடுத்த மாத்திரைகள் தலையணை உறைக்குள் கிடந்தன. அவள் கணவர் என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "ஏனுங்க மச்சான், எம் பேச்சை அவ கேட்டே முப்பது வருசமாச்சுங்க. டேப்பு சொன்னாத்தான் கேக்கறா. நீங்களே சொல்லிப் பாருங்க."

கட்டிலருகே அமர்ந்து முதன்முறையாக உண்மையைச் சொன்னேன்.

"அம்மணி, நானும் தினமும் மாத்திரை போட்டுட்டுத்தான் இருக்கறேன்."

அவள் சிரித்தாள். "என்னைய முழுங்க வெக்கறதுக்கு நீங்களும் பொய் சொல்லப் பழகீட்டீங்களாண்ணா? அத்தனை பேர் முன்னால மேடையில சொன்னதைக் கட்டிலோரத்துல வந்து மாத்தறீங்க. எதை நான் நம்பறதுங்க?"

கூட்டைத் திறந்து காட்டினேன். "இதை வர்ற வழியில வாங்கியிருப்பீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மாஸ்டரைப் பார்த்து, நான் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லி, ஒலிநாடாவைத் திரும்பப் பெறும்படி கேட்டேன்.

"அதுல நீங்க சொன்னது ஏதாச்சும் பொய்ங்களா, ஐயா?"

"என் தங்கை மாத்திரையை நிறுத்திவிட்டாள்."

"நாங்க யாரையும் நிறுத்தச் சொல்றதில்லைங்க ஐயா. நிறுத்தினவங்களைப் பேசக் கூப்புடறோம், அவ்வளவுதான்." இன்னும் மென்மையாகத் தொடர்ந்தார்: "இப்ப நீங்க மாத்திப் பேசுனா எங்க பேர் கெடறது இருக்கட்டுங்க. புரொபசர் இத்தனை நாள் மறைச்சுட்டாருன்னு ஊர் உங்களைத்தானே பேசும்?"

அவர் சொன்னது சரி. அதனாலேயே ஐந்து நாட்கள் நான் வீட்டை விட்டு வெளியே செல்லவில்லை. தங்கையின் இரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று அவள் கணவர் தினமும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தைய முகாமில் பொன்னாடை பெற்றவர் அடுத்துப் பேசுபவருக்கு அதைப் போர்த்த வேண்டும் என்பது அவர்கள் ஏற்படுத்தியிருந்த வழக்கம். தொண்டாமுத்தூர் முகாமின் நிறைவு நாளுக்கு எனக்கு அழைப்பு ஏற்கெனவே வந்திருந்தது. நான் பின்வாங்கிவிட்டதாக நினைத்தோ என்னவோ, மாஸ்டர் அதைத் திரும்பப் பெறவில்லை. நான் கேட்டுக்கொண்டபடி, தங்கையை அவள் கணவர் காரில் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்.

அன்று பேச வந்தவர் ஒரு மில் தொழிலாளி. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்ததை நிறுத்தி இருபது நாளாகிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். பொன்னாடையை என் கையில் கொடுத்தார்கள். அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன். மாஸ்டர் என் முழங்கையைத் தொட்டார். நான் கையை விலக்கிக்கொண்டேன்.

அன்று காலை மாத்திரையை வேண்டுமென்றே போடாமல் வந்திருந்தேன். கண்ணாடிக் கூட்டைத் திறந்து, ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினேன். "ஆறு வருடத்துக்கும் மேலாக இதைச் சாப்பிடுகிறேன். போன முறை பேசிய நாளிலும் சாப்பிட்டேன். வெட்கத்தால் சொல்லவில்லை." மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்து விழுங்கினேன். பின்வரிசையில் யாரோ "அடப்பாவமே, வாத்தியாரே இப்படியா" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மில் தொழிலாளியிடம் கேட்டேன்: "மாத்திரை மீதி இருக்குதுங்களா?"

"ஊட்டுல இருக்குதுங்க."

"போய்ப் போட்டுக்குங்க."

தங்கை என்னைப் பார்க்கவே இல்லை. தன் கணவர் பக்கம் வலக்கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

அவள் இன்றும் இருக்கிறாள். இடக்கையின் இரண்டு விரல்கள் மட்டும் முழுதாக மடங்குவதில்லை. அந்த மாதத்துக்குப் பிறகு வரன் விஷயமாக என்னிடம் கேட்டு வருவோர் குறைந்தனர்.

முகாமின் தலைவர் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் நான் அப்படிப் பேசினேன் என்றும், என்னை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்றும் பின்னர் சொல்லப்பட்டது. அப்படி ஒரு பதவியே அங்கு இருக்கவில்லை. மேடையிலிருந்து நானேதான் இறங்கினேன்.