மால்டாவுக்கு வூடு பார்க்க வந்த மச்சான்

இந்த ஊர் மாதா கோயில்கள் பலவற்றில் இரண்டு கடிகாரம் வைத்திருப்பார்கள். ஒன்று சரியான நேரம் காட்டும், இன்னொன்று தப்பான நேரம் காட்டும். பழுதாகிக் கிடக்கிறது என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றேதான் அப்படி. பூசை எத்தனை மணிக்கு என்று சாத்தானுக்குத் தெரியக் கூடாதாம். அவன் தப்பான கடிகாரத்தைப் பார்த்து ஏமாந்து திரும்பிப் போய்விடுவானாம். சாத்தான் ஏமாந்தானோ இல்லையோ, நான் ஏமாந்தேன். வந்த முதல் வாரத்தில் செல்போன் சார்ஜ் தீர்ந்துபோய், கோயில் கடிகாரத்தை நம்பி டூட்டிக்கு நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். காரணத்தைச் சொன்னபோது சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். மணி பார்க்கக்கூட லாயக்கில்லாத ஊர் என்று அன்றைக்கே ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா என் மனைவி. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மகளோடு இருக்கிறாள்.

நான் மால்டாவில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, மாரண்டஹள்ளி வழியாக ஓசூர் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். மத்தியதரைக் கடலில் இருக்கிறது இந்தத் தீவு. நாடு என்று பெயர்தான் பெரிது. தர்மபுரியில் வண்டியைக் கிளப்பினால் மாரண்டஹள்ளி வருவதற்குள் நாடு முடிந்து கடலில் விழுந்துவிடும். பஸ்ஸில் பாட்டு கிடையாது. கண்டக்டர் கிடையாது. கண்டக்டர் இல்லாத பஸ் ஒரு பஸ்ஸா? டிக்கெட் கொடுப்பதும் நான், சில்லறை பொறுக்குவதும் நான், ஸ்டியரிங் பிடிப்பதும் நான். ஊரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் ஒரு கெத்து இருந்தது. இங்கே சீட்டுக் குஷன் மட்டும் நன்றாக இருக்கிறது.

மூன்று வருஷமாக டூட்டி முடிந்ததும் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு இப்படித்தான் பேசுவேன். தண்ணீர் உப்பு, வாடகை கொள்ளை, கோடையில் ஒரு பச்சை இலை கிடையாது, திரும்பிய பக்கமெல்லாம் மஞ்சக் கல்லு. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பறம் எதுக்குங்க அங்க கெடக்கறீங்க? வந்துருங்க" என்பாள். "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் யாரும் தன் பொருளை நல்லாயிருக்கு என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். தோட்டத்தில் தக்காளி கொத்துக் கொத்தாகத் தொங்கும். வெளைச்சல் எப்படிங்க என்று கேட்டால், "என்னமோ இருக்குதுங்க, சுமாருதான்" என்பார்கள். நல்லாயிருக்கு என்றால் கண் பட்டுவிடும். கேட்டவர் உடனே "அட, நல்லாத்தானுங்களே இருக்குது" என்று தூக்கிவிட வேண்டும். ஒருத்தர் இறக்க, ஒருத்தர் ஏற்ற, பேச்சு சரியாகிவிடும். இது தெரியாதவனிடம் மாட்டினால் தொலைந்தோம்.

கார்மெனு என்று ஒரு உள்ளூர் டிரைவர், என்னோடு டிப்போவில் வேலை செய்பவர். ஹம்ரூன் என்ற ஊரில் நான் நான்கு பேரோடு தங்கியிருக்கும் வீடு எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டார். "நாட் குட். சம்ஹவ் கோயிங்" என்றேன். அந்த மனிதர் மறுநாள் கையில் ஒரு சாவியோடு வந்து நிற்கிறார். சித்தி மகனிடம் பேசி எனக்கு வேறு இடம் பிடித்துவிட்டாராம், சாமான் ஏற்ற வேன் கூடச் சொல்லி வைத்திருக்கிறாராம். வீடு நல்லாத்தான் இருக்கிறது, சும்மா சொன்னேன் என்றால் அவருக்குப் புரியவே இல்லை. "நல்லா இருந்தால் ஏன் நல்லா இல்லை என்றாய்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு இங்கிலீஷ் பத்தவில்லை, தமிழில் கேட்டிருந்தாலும் பத்தியிருக்காது. ஒரு வாரம் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார். சூது வாது தெரியாத ஜனம், என்னத்தச் சொல்ல.

இந்த வருஷம் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள மனுப் போடும் தகுதி எனக்கு வந்தது. மகள் ஜெனிஃபர் எட்டாவது படிக்கிறாள். இப்போது வந்தால்தான் இங்கே பள்ளிக்கூடத்தில் ஒட்டுவாள். ஸ்டெல்லாவிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். ஐந்து ஆண்கள் கொட்டிக்கொண்டு சமைக்கும் அடுப்படியில் மூன்று வருஷம் தின்று எனக்கு அலுத்துவிட்டது. அவள், "நீங்களே அந்த ஊரு ஆகாதுன்னு சொல்றீங்க, பொட்டப் புள்ளயக் கூட்டிக்கிட்டு எப்பிடி வர்றது? அண்ணன் ஒருக்கா பாத்துட்டு வந்து சொல்லட்டும்" என்று முடித்துவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் அண்ணன் சூசைராஜ்தான். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வூடு பார்க்க வந்து கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்த்தவர். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். கோயிலிலிருந்து ரோமாபுரி யாத்திரை புறப்பட்ட கூட்டத்தோடு வந்தவர், இரண்டு நாள் மட்டும் பிரிந்து, பதினைந்து வருஷம் கழித்து மறுபடியும் வூடு பார்க்க மால்டாவில் வந்து இறங்கினார்.

எப்படியாவது இந்த இரண்டு நாளும் ஊரைப் புகழ்ந்துவிட வேண்டும் என்று ராத்திரியே முடிவு பண்ணியிருந்தேன். முதலில் தலைநகரம் வலேட்டா. கோட்டை வாசல், மர பால்கனி, படிக்கட்டாக இறங்கும் தெரு, முடிவில் நீலமாகக் கடல். பாருங்க மச்சான் எவ்வளவு அழகு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "இதாங்க தலைநகரம். ஒரு பீடி பத்த வச்சா அணையறதுக்குள்ள சுத்திரலாம்" என்று வந்தது. நாக்கு அப்படிப் பழகிவிட்டது. அவர் தூக்கிவிடுவார் என்று பார்த்தேன். "ஆமாங்க மாப்ள, செரியாத்தான் சொல்றீங்க. பெரியாஸ்பத்திரி காம்பவுண்டாட்டம் இருக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர் மண்டிக்காரர். விவசாயி கூடையை இறக்கிவைத்து சுமாருதாங்க என்றால், மண்டிக்காரர் "ஆமா, சுமாருதான்" என்பார். விலை அங்கேயே பாதி இறங்கிவிடும். முப்பது வருஷமாக அதே தொழில்.

பிறகு ஸ்லீமா போனோம். கடற்கரை ஓரம் பூராவும் அடுக்குமாடி, அதற்கு மேல் கிரேன். வெள்ளைக்காரர்கள் கருவாடு காயப்போட்ட மாதிரி பாறை மேல் படுத்துக் கிடந்தார்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மச்சான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவோரம் வேனில் காய்கறி விற்றவரிடம் போய்விட்டார். தக்காளியை எடுத்து அமுக்கினார், மோந்தார், காம்பைக் கிள்ளினார். கடைக்காரர் கத்த ஆரம்பித்தார். "டோன்ட் டச்! யூ வான்ட் ஆர் நோ?" மச்சான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிச் சிரித்து, இன்னொன்றை எடுத்து அமுக்கினார். கால் கிலோ வாங்கித்தான் அவரை இழுத்து வந்தேன். "தோலு கெட்டி. லாரிக்குத் தாங்கும்" என்றார். முதல் நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான், அதுவும் தக்காளிக்கு.

மறுநாள் மோஸ்தா. கோபுரம் வானத்தை மூடிய மாதிரி பெரிய வட்டக் கோயில். யுத்த காலத்தில் பூசைக்கு ஜனம் கூடியிருந்தபோது கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்த குண்டு வெடிக்கவில்லை. அதே மாதிரி ஒரு குண்டைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கோயிலில் நின்றால் ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும். மச்சான் முழங்காலிட்டு ஜெபம் செய்தார், எழுந்தார். "வெடிக்காத குண்டுக்குப் போயி டிக்கெட்டா?" என்று கேட்டார். நானும் வெட்கமில்லாமல், "அதானுங்க, வெடிச்சிருந்தா என்ன கேப்பானுங்களோ" என்றேன்.

கடைசியாக ம்தினா. மலை மேல் மதில் கட்டிய பழைய தலைநகரம். உள்ளே குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், மற்றபடி பூட்டிய கதவும் படம் பிடிக்க வந்த கூட்டமும்தான். மௌன நகரம் என்று பெயர் வைத்துப் பெருமை பேசுகிறார்கள். எங்கள் ஊரில் ஆள் இல்லாத தெருவை இழவு விழுந்த தெரு என்போம். மதில் மேல் நின்றால் பாதித் தீவு தெரியும்: மோஸ்தா கோபுரம், தூரத்தில் வலேட்டா, சுற்றிக் கடல். செப்டம்பர் மாதம், வயலெல்லாம் காய்ந்து கிடந்தது. மச்சான் அங்கே நின்றுகொண்டு ஸ்டெல்லாவுக்கு வீடியோ கால் போட்டார்.

"பாரு கண்ணு," என்று போனை வளைத்துக் காட்டினார். "வெறுங் கல்லு. தொப்பூர் கணவாய்ல கூட நாலு மரம் நிக்கும். ஊரு ஊரா ரெண்டு நாளு சுத்தியாச்சு, உக்காந்து எந்திரிக்க ஒரு எடம் இல்ல. உன் வூட்டுக்காரரு சொன்னதெல்லாம் நெசந்தான் சாமி. ஒண்ணுகூட மாத்திச் சொல்லல."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. நான் மூன்று வருஷமாகச் சொன்னதை அவர் ஒரு நிமிஷம் சொன்னார், அவ்வளவுதான். போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"ஸ்டெல்லா, மச்சானுக்கு என்ன தெரியும்? பிப்ரவரில இந்தக் காடு பூராப் பச்சையா நிக்கும், அதுக்குள்ள செவப்புப் பூவு. விடியக்காலைல மெல்லியா ரூட்டுல வண்டி எறக்கத்துல எறங்கறப்ப கடலு எப்பிடி இருக்கும் தெரியுமா? ராத்திரி ஒம்போது மணிக்குப் பொட்டப் புள்ளைங்க தனியா என் பஸ்ல ஏறி வூட்டுக்குப் போவுதுங்க, ஒருத்தன் ஏன்னு கேக்க மாட்டான். ஹம்ரூன் ஸ்டாப்புல ஒரு கெழவி, என் வண்டின்னாதான் ஏறும், மடியில அத்திப்பழம் கொண்டாந்து குடுக்கும். கார்மெனு வூட்டுல ஈஸ்டருக்கு என்னைத்தான் மொதல்ல உக்கார வச்சாங்க. ஜெனிஃபர் இங்க வந்தா ராணியாட்டம் இருப்பா!"

மூச்சு வாங்கியது. மச்சான் என்னை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஸ்டெல்லா முகம் அசையவில்லை. நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"நல்ல ஊருங்கறீங்க," என்றாள்.

"ஆமா."

"இத்தன வருசமும் நல்ல ஊராத்தான் இருந்துச்சா?"

"ஆமா," என்றேன்.

"நீங்க அந்த ஊரத் திட்டறப்பல்லாம், எப்பிடியும் வந்துருவாருன்னு நெனச்சுக்குவனுங்க," என்றாள். "போன வாரங்கூட கோயில்ல உங்க பழைய பஸ் ஓனர் கேட்டாரு, வேற டிரைவரை நெரந்தரமாப் போட்ரட்டுமான்னு. இருங்கண்ணா, அவரு வந்துருவாருன்னு சொல்லிட்டு வந்தேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அண்ணங்கிட்டக் குடுங்க."

கொடுத்தேன். அவர் தள்ளிப் போய் மதிலைப் பார்த்து நின்று பேசினார். "செரி கண்ணு, செரி, அழுவாத" என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்து போனை ஜேப்பில் போட்டார்.

"வர்றாளாம்," என்றார். "புள்ளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு பேரும் வர்றாங்க. பேப்பரெல்லாம் போட்ருங்க."

நான் கெஞ்சிக் கேட்டது கிடைத்துவிட்டது. கால் தரையில் நிற்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் திரும்பிப் போவதாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். போகமாட்டேன் என்பதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள், அதுவும் நான் புகழ்ந்து பேசிய இரண்டே நிமிஷத்தில். பக்கத்தில் நின்ற மச்சானைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான்கு பேரோடு இருக்கும் இடம் இனி ஆகாது, ஹம்ரூனிலேயே வாடகைக்கு ஒரு வீடு தேட வேண்டும், பள்ளிக்கூடம் பக்கமாக இருந்தால் தேவலை என்று சொல்லிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். மச்சான் எட்டி நடந்து என் பக்கத்துக்கு வந்தார்.

"அது செரிங்க மாப்ள," என்றார். "அங்க நம்ம வூட்ட என்ன பண்றது? பூட்டிப் போட்டா கரையான் புடிச்சுரும். வாடகைக்கு விட்ரலாமா? மண்டிக்கு வர்ற வாத்தியாரு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்கறாரு. புருசன், பொஞ்சாதி, ஒரு பொண்ணு."

ஜெனிஃபர் வயசுதானாம் அந்தப் பெண்ணுக்கும். பஸ் வந்து நின்றது, எனக்குத் தெரிந்த டிரைவர்தான், கையைக் காட்டினார். நான் படியில் ஒரு காலை வைத்தேன்.

"விட்ருங்க," என்றேன். "செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க மச்சான்."