மூன்றை அரையால் வகுத்தால்

சாய்ந்தமருதில் ஏழாந் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, பின்னங்களை வகுக்கும் பாடம் வந்தாலே எனக்கு உள்ளூரப் பயம்தான். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குங்கள் என்று சொல்லுவேன். ஏன் என்று எனக்கே தெரியாது. யாரும் கேட்டுவிடக் கூடாதென்று மனசுக்குள் துஆ செய்துகொள்வேன்.

சென்ற வருடம் முன்வரிசை வாங்கிலிருந்த ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். "டீச்சர், வகுத்தா குறையத்தானே வேணும்? மூன்றை அரையால வகுத்தா எப்படி ஆறு வரும்?"

"நாளைக்குச் சொல்றன் புள்ள" என்று தப்பித்தேன்.

மறுநாள், பாடசாலைக்குக் கொடுக்கப்பட்டும் பெட்டியிலேயே கிடந்த டெப் கணினிகளை வகுப்புக்கு எடுத்துப் போனேன். அதிலிருந்த பின்னச் செயலியை நானும் அன்றுதான் திறந்தேன். திரையில் மூன்று நீலக் கட்டைகள் இருந்தன. அவற்றின் மேல் அரைக் கட்டைகளை விரலால் இழுத்து அடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஆறாவதை வைத்ததும் மூன்றும் முழுசாக மூடிக்கொண்டன.

"மூன்றுக்குள்ள எத்தனை அரை இருக்கெண்டுதானே டீச்சர் கேள்வி?" என்றாள்.

"ஓம் புள்ள. எனக்கும் இப்பதான் விளங்கிச்சு."

வகுப்பு சிரிக்கும் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப கால்வாசியால வகுத்தா பன்னிரண்டா டீச்சர்?" என்று கேட்டாள். எல்லோரும் திரையில் குனிந்தார்கள். நானும் ஒரு டெப்போடு அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். இனி இந்தப் பாடத்துக்குப் பயப்படத் தேவையில்லை என்று நினைக்கவே நெஞ்சு லேசாக இருந்தது.