சலவைக் கடையிலிருந்து நேரடி வர்ணனை

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அப்பா வைத்த பெயர். லாரி ஓட்டிக் களைத்து வந்து உட்காருகிற மனிதரிடம், அன்றைக்குத் தெருவில் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். "இந்த ரேடியோவை ஆஃப் பண்ற பட்டன் எங்கடி இருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டாராம். பட்டனை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பள்ளியில் பேசிக்கொண்டே இருந்தாள் என்று வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். வெளியே நின்றவள், மைதானத்தில் நடந்த கைப்பந்து ஆட்டத்தை ஜன்னலோரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி வகுப்பு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டது. மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்கள்.

அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வேலையும் வாயை வைத்துத்தான் கிடைத்தது: வாடிக்கையாளர் சேவை மையத்தில் போன் எடுக்கும் வேலை. ஏசி அறை, சுழலும் நாற்காலி, காதில் ஹெட்போன். ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. திரையில் இருப்பதை வாசிக்க வேண்டும். ஒருநாள் ஒரு பெரியவர் இணையம் வரவில்லை என்று அழாத குறையாகச் சொன்னார். "அந்தப் பெட்டியை ஒருதடவை அணைச்சுப் போடுங்க சார், நம்மள மாதிரி அதுக்கும் காலையில எந்திரிக்கப் பிடிக்காது" என்றாள் இவள். பெரியவர் சிரித்தார், பெட்டியும் எழுந்துவிட்டது. மேற்பார்வையாளர் மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார்.

அன்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி யோசித்தாள். அம்மா மகளின் அடையாள அட்டையைத் தினமும் துடைத்து ஆணியில் மாட்டி வைக்கிறாள். அந்த அளவுக்குப் பெருமையான வேலை. அப்புறம் ஏன் வாயைக் கட்டிப் போட்ட மாதிரியே இருக்கிறது? நன்றி கெட்டவளா நான்? யோசித்துக்கொண்டே, பின்னால் வந்த பால் வண்டி இவர்கள் பஸ்ஸை முந்தப் பார்ப்பதை உதட்டுக்குள் வர்ணித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துத் தள்ளி நின்றாள்.

வழி காட்டியது தம்பிதான், அதுவும் தெரியாமல். கல்லூரியில் படிக்கும் அவன் மாலையெல்லாம் போனில் ஒரு விளையாட்டு ஆடுவான். இரண்டு அணி, அணிக்கு நாலு பேர். கைவிடப்பட்ட துறைமுகம் ஒன்றில் ஒளிந்தும் தேடியும் ஒருவரை ஒருவர் சுட வேண்டும். நேரம் ஆக ஆக ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே நிற்பவன் தானாகவே செத்துவிடுவான். கடைசியில் எந்த அணியில் ஆள் மிச்சமோ, அது ஜெயித்தது. ரேடியோ அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அவன் சாவதை வர்ணிப்பாள்.

"அக்கா, இப்படிக் கத்தறதுக்குன்னே போட்டியில ஆள் வெச்சிருக்காங்க. அங்க போய்க் கத்து. என்னை விடு" என்றான் எரிச்சலாக.

அவன் விளையாட்டாகச் சொன்னது அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பழைய போட்டிகளின் காணொளிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டு, தானே பேசி, போனில் பதிவு செய்து பார்த்தாள். கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. பெரிய வர்ணனையாளர்களின் குரலை இரவல் வாங்கி, அவர்களுடைய ஆங்கிலச் சொற்களையெல்லாம் அள்ளித் தெளித்திருந்தாள். நடுவில், வாக்கியத்துக்கு ஒரு "பாருங்க, பாருங்க" வேறு.

"பாக்கத்தானே உக்காந்திருக்காங்க? அப்புறம் எதுக்குப் பாருங்க பாருங்கன்னு கெஞ்சற?" என்றான் தம்பி. அது உண்மை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டாள். சாப்பாட்டு மேசையில் கடைசி ஆம்லெட் துண்டை நோக்கி அப்பாவின் கை நகர்வதைக்கூட, அந்தச் சொல் இல்லாமல் வர்ணிக்கப் பழகினாள்.

தம்பி ஆடுகிற கேமிங் சென்டர், சித்தியின் சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அதை நடத்துகிறவர் முப்பது வயதுக்காரர். எந்த நேரமும் கழுத்தில் ஹெட்போன் தொங்குவதால் எல்லோருக்கும் அவர் ஹெட்போன் அண்ணன். அடுத்த மாதம் பல சென்டர்கள் சேர்ந்து நடத்தும் பெரிய போட்டிக்கு அவர் வர்ணனையாளர் தேடிக்கொண்டிருந்தார். ரேடியோ போய் நின்றாள்.

"முன்ன பின்ன பண்ணியிருக்கியாம்மா?"

"வீட்ல பண்ணியிருக்கேன்."

"வீட்டுக்கு யாரு லைவ் போடறா?" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் இரங்கினார். "சரி. இந்த ஞாயித்துக்கிழமை சின்ன போட்டி ஒண்ணு இருக்கு. அதுல பேசு. நல்லா வந்துச்சுன்னா பெரிய போட்டிக்கும் நீதான். சொதப்பினா என் மச்சான் இருக்கான், மைக்கைக் குடு குடுன்னு வீட்ல உயிரை எடுக்கறான்."

மச்சானின் வர்ணனையை அவள் கேட்டிருக்கிறாள். கொலை விழும்போதும் வானிலை அறிக்கை வாசிக்கிற குரல். அந்தக் குரலிடமா தோற்பது?

ஞாயிறு காலை ஒரே ஹாலில் இரண்டு அணிகளும் எதிரெதிராக உட்கார்ந்தன. மூலையில் ரேடியோவுக்கு ஒரு மேசை, மைக், எல்லோரும் எங்கெங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று மேலிருந்து காட்டும் லேப்டாப். முதல் ஆட்டம் அனல் பறந்தது. கடைசியில் இந்தப் பக்கம் தம்பி ஒருவன், அந்தப் பக்கம் ஒரு சுருட்டை முடிக்காரன். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு பதுங்கியிருந்தான். ரேடியோவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. அவளுக்கு இயல்பிலேயே வெண்கலத் தொண்டை.

"அவன் எங்க போனான்னு எதிரிக்குத் தெரியாது! ஆனா நமக்குத் தெரியும்! கிரேனுக்குப் பின்னால, அந்தத் துருப்பிடிச்ச டிரம்முக்குள்ள..."

காதைச் சொறிய ஒரு பக்க ஹெட்போனைக் கழற்றியிருந்த சுருட்டை முடிக்காரன் ஒரு நொடி நின்றான். பிறகு நிதானமாகத் திரும்பி, கிரேனுக்குப் பின்னால் ஒரு குண்டைப் போட்டான். டிரம் வானத்துக்குப் போனது.

தம்பி எழுந்து நின்றான். "அக்கா! நீ யாரு பக்கம்?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஹெட்போன் அண்ணன் சிரிக்கவில்லை. அந்த ஆட்டம் செல்லாது என்று அறிவித்துவிட்டு அவளிடம் வந்தார். "வெளிய பாக்கிறவன் போன் பண்ணிச் சொல்லிடக் கூடாதேன்னு ரெண்டு நிமிஷம் தள்ளி லைவ் விடறோம். நீ என்னடான்னா உள்ளயே உக்காந்து ஒலிபெருக்கி மாதிரி சொல்ற. மெதுவா பேச முடியுமா?"

முயன்றாள். கோயில் மணியைத் துணியில் சுற்றி அடித்த மாதிரி வந்தது.

"இது ஆகாதும்மா. இவங்க காதுல விழாத இடமாப் பாரு. இல்லன்னா மச்சானைக் கூப்பிட்டுடறேன்."

லேப்டாப்பையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தாள். குரல் சுவரில் முட்டி மோதி, கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் எதிரொலித்தது. மாடிப்படியின் அடியிலிருந்து சித்தி கத்தினாள்: "எவடி அங்க ஊளையிடறது?"

ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்திக்கு முகத்தைக் காட்டாமல் கடைக்குள் நுழைந்து, சலவை முடிந்து பிளாஸ்டிக் உறையில் வரிசையாகத் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே புகுந்து நின்றாள். படித்த வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கலாம். எழுதிக் கொடுத்ததை வாசிக்கத்தான் இந்த வாய் லாயக்கோ என்னவோ. "எனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று வாய்விட்டே சொன்னாள்.

சொன்னவள் நின்றாள். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். எதிரொலியே இல்லை. சுற்றிலும் தொங்கிய கம்பளித் துணிகள் சத்தத்தையெல்லாம் குடித்துவிட்டு, அவளுடைய குரலை மட்டும் சுத்தமாகக் கையில் கொடுத்தன.

"சித்தி! ஒரு ஸ்டூல் குடு, சீக்கிரம்!"

"கோட்டு மேல கை வைக்காம இருந்தா தரேன்" என்றாள் சித்தி.

இப்படியாக, இரண்டாவது ஆட்டம் சலவைக் கடையிலிருந்து தொடங்கியது. கோட்டுகளுக்கு இடையில் ஸ்டூல், மடியில் லேப்டாப். இஸ்திரிப் பெட்டி அவ்வப்போது புஸ்ஸென்று மூச்சு விட்டது. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் வந்து சேர்ந்தார். மறுநாள் அவருக்குக் கல்யாணம். கல்யாணக் கோட் தயாராவதற்காகக் காத்திருந்தார். அவர் ஊருக்குப் போகிற பஸ் எதிரே நிறுத்தத்தில் கிளம்பும் நேரத்துக்காக நின்றுகொண்டிருந்தது. கோட்டுகளுக்குள்ளிருந்து குரல் வருவதைக் கேட்டு விலக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, யாரு யாரைச் சுடறாங்க?"

மைக் திறந்தே இருந்தது. ரேடியோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே போங்க என்று சொல்லவா? ஆனால் கேள்வி கேட்டவரிடம் பதில் சொல்லாமல் இருக்க அவளால் என்றைக்கு முடிந்தது?

"சொல்றேன் மாப்பிள்ளை சார். சிவப்பு அணியில மூணு பேரு உசிரோட. நீலத்துல ரெண்டே பேரு. நீலம் மாட்டிக்கிட்டிருக்கு. ஏன்னா வட்டம் சுருங்குது, அவங்க நிக்கிற குடோன் வட்டத்துக்கு வெளிய போகப் போகுது. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன மாதிரி!"

"அப்ப நீலம் ஓடணுமே!"

"ஓடினா சிவப்பு சுடும். ஓடலைன்னா வட்டம் கொல்லும்."

"அய்யய்யோ" என்று மாப்பிள்ளை ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு அவளுக்கு இரவல் குரல் நினைவுக்கே வரவில்லை. பெரிய வர்ணனையாளர்களின் ஆங்கிலம் எங்கோ உதிர்ந்துவிட்டது. அப்பாவுக்குத் தெருக்கதை சொன்ன அதே வேகம், அதே வாய். அவள் யாரிடம் பேசுகிறாள் என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. மாப்பிள்ளையின் போன் அடித்தது. "இதோ வந்துட்டேன்மா, குடோன்ல மாட்டிக்கிட்டேன்" என்றார். "எந்தக் குடோன்?" என்று மணப்பெண் கேட்டது மைக்கிலும் விழுந்தது. சித்தி தன் பங்குக்கு, "அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் நிக்கிற இடத்துலயே நிக்கிறான், கால் மரத்துப் போச்சா?" என்றாள்.

கடைசி ஆட்டம். மறுபடியும் மிஞ்சியது நீலத்தில் தம்பி ஒருவனும் சிவப்பில் சுருட்டை முடிக்காரனும். தம்பி இந்த முறை நல்ல இடத்தில் ஒளிந்திருந்தான், யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் டிரம் நினைவில் பயந்து கிரேனைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போனவன், வட்டத்தையே தாண்டிவிட்டான்.

"டேய், திரும்புடா... திரும்பலையே! என் கூடப் பிறந்தவன், நேயர்களே, ஒரே பாத்ரூமுக்குச் சண்டை போட்டவன். ஆனா உண்மையைச் சொல்லணும்: இது வடிகட்டின முட்டாள்தனம்! போச்சு! சிவப்பு ஜெயிச்சாச்சு!"

மேலே ஆரவாரம். மாப்பிள்ளை அதிர்ந்துபோய் எழுந்தார். எதிரே பஸ் ஹாரன் அடித்தது. "என் பஸ்!" சித்தி நீட்டிய உறையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

மைக்கை அணைக்க வேண்டும் என்று ரேடியோவுக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக்கு வெளியே அப்படி ஓர் ஆட்டம் நடக்கும்போது எப்படித் தோன்றும்?

"மாப்பிள்ளை தெருவைக் கடக்கறார். கோட் கொடி மாதிரி பறக்குது. பஸ் நகர ஆரம்பிச்சாச்சு, ஆனா கண்டக்டர் பாத்துட்டார்... இருங்க, இருங்க. சித்தி, அது என்ன கையில?"

"பேன்ட்டு!" என்று அலறினாள் சித்தி. "கோட்டை மட்டும் எடுத்துட்டு ஓடிட்டான்!"

தோற்ற முகத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்த தம்பி, வாசலில் என்ன ஏது என்று விழித்தான். சித்தி பேன்ட்டை அவன் தோளில் எறிந்தாள். "ஓடுடா!"

"பேன்ட் இப்ப நம்ம வீட்டு வீரர் கையில. கொஞ்சம் முன்னால வட்டத்தைக் கோட்டைவிட்டவர். மானத்தைக் காப்பாத்த ஒரே வாய்ப்பு, அதுவும் ரெண்டு பேரோட மானம்! மீன் வண்டியைத் தாண்டினார், சைக்கிள்காரர் திட்டறார், காதுல வாங்கல... பஸ் வேகம் எடுக்குது... ஜன்னல்ல இருந்து ஒரு கை நீளுது... குடுத்துட்டான்! என் தம்பி குடுத்துட்டான்! நாளைக்குக் கல்யாணம் முழு உடையில நடக்கும்!"

ஸ்டூலில் இருந்து எழுந்தே விட்டாள். அப்போதுதான் பார்த்தாள்: கோட்டுகளை விலக்கிக்கொண்டு ஹெட்போன் அண்ணன், கையில் போனோடு நின்றிருந்தார்.

"எப்பவும் கடைசி ஆட்டத்துக்குள்ள பாதிப் பேரு லைவை விட்டுப் போயிடுவாங்க. இன்னிக்கு ஒருத்தரும் போகல" என்றார். "இன்னும் உன் தம்பி வட்டத்துக்கு வெளிய போறதைத்தான் பாத்துட்டு இருக்காங்க. பஸ் ஓட்டம் அவங்களுக்கு இனிமேதான்." தலையை ஆட்டிக்கொண்டார். "அடுத்த மாசம் நீதான். என் மச்சானெல்லாம் உன் கால் தூசிக்குப் பெறமாட்டான்."

ரேடியோ மெல்ல மைக்கைக் காட்டினாள். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹெட்போன் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "அவன் பாத்துட்டு இருப்பானே!"

அவள் ஒரு கணம் தயங்கினாள். காலையிலேயே அப்பாவுக்கு லைவ் இணைப்பை அனுப்பியிருந்தாள்; அந்த வார்த்தைகள் அவர் காதில் விழ வேண்டும் என்று அவ்வளவு ஆசை. இருந்தாலும் சொல்லிவிட்டாள்: "ரெண்டு நிமிஷம் தள்ளித்தானே அண்ணா போகும். இப்ப மேல ஓடினா நிறுத்திடலாம்."

அவர் படிக்கட்டுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். பிறகு மாப்பிள்ளை விட்டுப்போன பெட்டியில் தொப்பென்று உட்கார்ந்தார். "போகட்டும் விடு. உனக்கு மைக் கிடையாதுன்னு அவன்கிட்ட நான் நேராச் சொல்றதா இருந்தா ரெண்டு வருஷம் இழுத்திருப்பேன்."

ரேடியோ மைக்கை அணைத்தாள். இருவரும் கோட்டுகளுக்கு நடுவே காத்திருந்தார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று அவளை எட்டிப் பார்த்தாள். அவர் போனில் ஓடிய லைவில், அவளுடைய வர்ணனையில் தம்பி மறுபடி ஓடினான், பேன்ட் போய்ச் சேர்ந்தது, ஹெட்போன் அண்ணனின் குரல் வந்தது: அடுத்த மாசம் நீதான்.

உடனே அவளுடைய போன் அடித்தது. அப்பா. எங்கோ நெடுஞ்சாலை ஓரத்தில் லாரியை நிறுத்தியிருந்தார். பின்னால் வண்டிகள் இரைந்தன.

"கேட்டேன்" என்றார். "பேசினதுக்காக என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னாங்களே, அந்த டீச்சர் நம்பர் இருக்கா?"

அதற்குள் இன்னொரு அழைப்பு மின்னியது, இந்தத் தடவை ஹெட்போன் அண்ணனின் போனில். திரையில் மச்சானின் பெயரைப் பார்த்தவர், போனை மெதுவாகக் கோட்டுப் பையொன்றுக்குள் போட்டார்.

"கோட்டு மேல கை வைக்காதீங்கன்னு சொன்னேன்ல" என்றாள் சித்தி.