பரமக்குடி சாலையில் எரிந்த மஞ்சள் விளக்கு

2008 ஜூன் 8, ஞாயிறு, காலை 8.25. திருப்புவனம் தாண்டி ஒரு டீக்கடை ஓரம். விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. கொஞ்சம் நின்றது. பிறகு மூன்று முறை சிமிட்டியது. மறுபடியும் இரண்டு, மூன்று. ஆக, 23.

இந்த 23 என்ன என்று சொல்வதற்கு முன்னால், ஏன் கிளம்பினோம் என்று சொல்லிவிடுகிறேன். என் நண்பன், மதுரைக்கார முரளிக்குப் பரமக்குடியில் நிச்சயதார்த்தம். வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் வீடு, சௌராஷ்டிரக் குடும்பம், அப்பாவுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். பொண்ணு ஹேமாவும் அவர்கள் ஆட்கள்தான். ஆனால் வேலை பார்க்கிற இடத்தில் முரளியே பார்த்துப் பேசி முடிவு செய்த பொண்ணு. முரளியின் அப்பாவுக்கு அதில்தான் மனத்தாங்கல். ஆறு மாதம் பிடிகொடுக்காமல் இருந்து, கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: போகிற வழியில் ஏதாவது தடங்கல் வந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவார், பிறகு இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

நான் ஒத்தக்கடைவாசி. வாகனங்களுக்கான மின்கருவிகள் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். மாப்பிள்ளை வண்டி ஓட்டக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம், அதனால் முரளி என்னைக் கூப்பிட்டான். அவன் அப்பாவின் கார் 2002 மாடல், பெட்ரோல் வண்டி. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆறரைக்கே வேனில் போய்விட்டார்கள். நிச்சயப் பட்டு, மோதிரம், தட்டு எல்லாம் எங்கள் காரில். பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். தெப்பக்குளத்திலிருந்து பரமக்குடி 78 கிலோமீட்டர். சாதாரணமாக இரண்டு மணி நேரம் போதும்.

ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. கிளம்பியது 7.25. இடையில் நடந்தது வண்டிக்குப் பூஜை. அம்மா (முரளியின் அம்மாவை நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்) பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே பேட்டரிக்கு, ரேடியேட்டருக்கு, கண்ணில் பட்ட மூடிக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தடியில் நான்கு எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி நகர்ந்தது.

ராமநாதபுரம் சாலை இருவழிச் சாலைதான். விரகனூர் தாண்டினால் வலதும் இடதும் கருவேலமும் பொட்டலும். காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கிளம்பாதீர்கள். சிலைமான் தாண்டி ஒரு வேகத்தடை. வண்டி தூக்கிப்போட்டது. அடுத்த நொடி, ஸ்பீடோமீட்டருக்குக் கீழே இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பக்கத்து சீட்டில் முரளியின் அப்பா. பார்த்துவிட்டார். என்ன அது என்றார். இன்ஜினில் எதையோ பார்க்கச் சொல்லுது என்றேன். நான் இன்னும் கொஞ்சம் நைசாகச் சொல்லியிருக்கலாம் என்று முரளி பிற்பாடு திட்டினான். இருப்பதைத்தானே சொன்னேன்?

“வண்டியே வேணாங்குது,” என்றார் அப்பா.

பின் சீட்டிலிருந்து அம்மா, “நல்ல காரியத்துக்குப் போறப்ப வெளக்கு எரியிறது நல்லதுதான?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு சௌராஷ்டிரம் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் யார் தோற்கிறார்கள் என்பதற்கு மொழி வேண்டாம். முரளி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

திருப்புவனம் ஊரைத் தாண்டி நிறுத்தினேன். இதே நிலைமை உங்களுக்கு வந்தால் என்ன பார்க்க வேண்டும் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். அதுதான் சரியான வண்டி. எரியவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். பல்பு போயிருக்கும், இல்லை விற்றவர் பிடுங்கியிருப்பார். ஓடும்போது மஞ்சளாக நின்று எரிந்தால், ஏதோ ஒரு சென்சார் சொல்வது வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். சூட்டு முள் ஏறவில்லை, ஆயில் விளக்கு எரியவில்லை, சத்தம் மாறவில்லை, இழுவை குறையவில்லை என்றால் மெதுவாக ஓட்டிப்போய்க் காட்டலாம். விட்டுவிட்டுச் சிமிட்டினால் இன்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் ஓரங்கட்டுங்கள். சிவப்பு விளக்கு என்றால் பேச்சே இல்லை, அங்கேயே நிறுத்துங்கள்.

எங்களுடையது மஞ்சள், நின்று எரிந்தது. முள் நடுவில். ஆயில் சரி. சத்தமும் சரி. வண்டி ஓடும். ஆனால் அப்பா இறங்கி, மதுரைப் பக்கம் பார்த்து நின்றுகொண்டார்.

முரளி என்னை டீக்கடைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான். “மாப்ள, பேட்டரி வயரைக் கழட்டி மாட்டு. அணைஞ்சிரும்ல?”

“அணையும்.”

“அப்புறம் என்ன? எனக்கு இன்னைக்கு ஒருநா அணைஞ்சாப் போதும்டா.”

முடியாது என்றேன். என்ன கோளாறு என்றே தெரியாமல் விளக்கை மட்டும் அணைத்தால், பாதி வழியில் மறுபடி எரியும். அப்போது அவன் அப்பாவின் மனசை அந்தக் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. அதோடு இது என் தொழில். விளக்கின் கண்ணைப் பொத்திவிடுவதற்கு நான் எதற்கு? முரளி என்னை என்னென்னவோ சொன்னான். அதெல்லாம் இந்த பிளாகில் எழுத முடியாது.

இந்த வயது வண்டிகள் பலவற்றில் ஸ்கேனர் இல்லாமலே கோளாறு எண்ணைப் படிக்கலாம். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சாக்கெட் இருக்கும். அதில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கு சிமிட்டிச் சொல்லும். எந்த முனைகள் என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் கை வைக்காதீர்கள், கம்ப்யூட்டர் போய்விடும். இணைக்க ஒரு கம்பி வேண்டுமே என்று தேடினேன். அம்மா வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார்.

23. இந்த வண்டியில் அதற்கு அர்த்தம், உள்ளே போகிற காற்றின் சூட்டை அளக்கிற சென்சார் பேசவில்லை. இது ஏர் ஃபில்டர் குழாயில் இருக்கும். பானெட்டைத் தூக்கினேன்.

குழாயைச் சுற்றி மூன்று சுற்று மல்லிகைப்பூ. முடிச்சுப் போட வாகான இடம் தேடி, பூவின் நாரைச் சென்சார் வயரில் கட்டியிருந்தார்கள். வண்டி குதித்ததும் நார் இழுத்து, பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு சந்தனப் பொட்டு. அரைமணி நேர இன்ஜின் சூட்டில் பூ பழுத்து, பானெட்டுக்குள் கல்யாண மண்டப வாசனை.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். “என்ன?”

முரளி பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தான். நான் சுத்தி வளைத்துப் பேசிப் பழகியதில்லை. “அம்மா கட்டுன பூவுப்பா. வயரை இழுத்துருச்சு. வேற ஒண்ணுமில்ல.”

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அப்பா பூவைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். நாரை அறுத்துப் பிளக்கை அழுத்தினேன். க்ளிக் என்று உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்தால், விளக்கு இன்னும் எரிகிறது. பயப்பட வேண்டாம், இதுவும் வழக்கம்தான். கோளாறு போனாலும் கம்ப்யூட்டர் உடனே நம்பாது. சில தடவை ஓட்டிப் பார்த்துத்தான் அணைக்கும். அதுவரை காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை. இப்போது பேட்டரி வயரைக் கழற்றப் போனேன்.

அப்பா கையை நீட்டித் தடுத்தார். “இப்ப அணைஞ்சா அது தானா அணைஞ்சதா, நீ அணைச்சதா?”

நல்ல கேள்வி. என் கம்பெனியில்கூட யாரும் இப்படிக் கேட்பதில்லை. “நான் அணைக்கிறதுதான். ஆனா கோளாறு இருந்தாத் திரும்ப எரியும். அதை என்னால நிப்பாட்ட முடியாது.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். “சரி. மானாமதுரை வரைக்கும் போவோம். எரிஞ்சா, அங்கனயே வண்டியைத் திருப்பிரு.”

வயரைக் கழற்றி மாட்டினேன், விளக்கு அணைந்தது. 8.45க்குக் கிளம்பினோம். பேட்டரி கழற்றியதில் கடிகாரம் 1.00 என்று காட்ட, முகூர்த்தம் போய்விட்டதோ என்று அம்மா ஒரு கணம் பதறிப்போனார். மானாமதுரை அங்கிருந்து 28 கிலோமீட்டர். அந்த 28 கிலோமீட்டரிலும் யாரும் சாலையைப் பார்க்கவில்லை, நான் மட்டும் பார்த்தேன். மற்ற மூவரும் டாஷ்போர்டில் கட்டைவிரல் நகம் அளவு கறுப்பு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முரளி பின்னால் மூச்சை இழுப்பது கேட்டது. அம்மா முள்ளுமுருங்கை அடை டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்தார். அப்பா வாங்கி, சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மானாமதுரையில் ரயில்வே கேட். தண்டவாளத்தில் வண்டி நான்கு தடவை தூக்கிப்போட்டது. விளக்கு எரியவில்லை. ஊரைத் தாண்டினேன். திருப்பவா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தால், அடையைத் தின்று முடித்துவிட்டு அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் முரளியைப் பார்த்தேன். ரயில்வே பரீட்சை பாஸானவன் மாதிரி இருந்தான்.

10.05க்குப் பரமக்குடி. பத்தரைக்குள் தட்டு மாற்றியாகிவிட்டது. பந்தியில் அப்பாவே சம்பந்தியிடம் பூக்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் விளக்கு சிவப்பு, வண்டியில் புகை, நான் ஏதோ மந்திரவாதி. திருத்தினேன். “சாப்பிடுப்பா,” என்றார். சாயங்காலம் கிளம்பும்போது ஹேமா ஒரு பந்து மல்லிகைப்பூ கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா என்னிடம் வந்து, “தம்பி, இதை எங்கன கட்டட்டும்?” என்றார். உள்ளே, முன்கண்ணாடியில் கட்டச் சொன்னேன். பாதியைக் கட்டி, பாதியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

போக வர 156 கிலோமீட்டர், பெட்ரோல் 650 ரூபாய். டீக்கு நிறுத்த திருப்புவனம், மானாமதுரை இரண்டும் நல்ல இடங்கள். மானாமதுரையில் மண்பானை வாங்கலாம், டிக்கியில் இடம் இருந்தால்.

இனி நான் செய்யப்போவது:

1. வண்டியின் டூல்ஸ் பெட்டியில், முனைகளை இணைக்க ஒரு ஒட்டுக்கம்பி வைத்துக்கொள்வேன். அம்மாவின் ஊக்கைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

2. அந்தச் சென்சார் பிளக்கின் பூட்டுக்கொக்கி பாதி உடைந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிக் கொடுப்பேன். இப்போதைக்கு டேப் சுற்றியிருக்கிறேன்.

3. விளக்கை அணைத்துக் கொடு என்று இனி யார் வந்தாலும், முதலில் எண்ணைப் படிப்பேன்.

4. ஆவணியில் கல்யாணம். முகூர்த்தம் பரமக்குடியில், அதே வண்டி, ஓட்டுவது நான்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். பூஜை எவ்வளவு நேரம் நடந்தாலும் மணி பார்க்க மாட்டேன். பானெட் பக்கத்தில் நின்று, பூ எங்கே போகிறது என்று பார்ப்பேன்.