பெண் வீட்டார் முன்னால் மினுக்கிய பெட்டி

நான் கட்டடங்களுக்குப் படம் போடுகிறவன். ஒரு செங்கல்கூட வைக்காத வீட்டை, கட்டி முடித்துப் போட்டோ எடுத்ததுபோலக் கம்ப்யூட்டரில் செய்து காட்டும் வேலை. சேலத்து இன்ஜினீயர்கள் பிளானை அனுப்புவார்கள். நான் மலைமேல் கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சுவர் எழுப்பி, பெயின்ட் அடித்து, ஜன்னல் வழியாக வெயில் விட்டு அனுப்புவேன். வெளியே பனியில் பத்தடி தள்ளி நிற்கும் காப்பிச் செடி தெரியாது. உள்ளே நான் வெயில் போட்டுக்கொண்டிருப்பேன். இதை ஒரு வேலை என்று எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. "பையன் ஊட்ல சும்மா இருக்கறானாட்ட இருக்குது" என்று அம்மாவிடம் துக்கம் விசாரிப்பார்கள்.

இந்த வேலைக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். படத்தைத் திரையில் வரைந்து தள்ளுவது அதுதான். புதிது வாங்கக் கட்டுப்படியாகாமல், கேம் விளையாடும் ஒருவனிடமிருந்து பழையதை வாங்கினேன். வந்தது வினை. அந்தக் கார்டின் விளிம்பிலும் காற்றாடியைச் சுற்றியும் கலர் விளக்குகள். வேலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, வெறும் அலங்காரம். கோயில் பண்டிகைக்கு மாட்டுகிற சீரியல் செட்டை உருட்டி உள்ளே திணித்த மாதிரி, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர்ப் பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி என்பதால் அறை முழுக்கத் தெரியும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அது மறுபடி உறுத்த ஆரம்பித்தது கல்யாணத் தரகர் வந்து ஒன்று சொன்ன பிறகுதான். அடிவாரத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்து வந்தோம். என் வேலையைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தப் பெண் மட்டும், "நீங்க போடற ஊட்ல சமையக்கட்டுக்குப் பெரிய ஜன்னல் வப்பீங்களா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, மனதுக்குள் சமையல்கட்டோடு ஒரு வீடே கட்டி முடித்துவிட்டேன்.

அடுத்து அவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. வருகிறவர்களுக்கு எல்லாம் பிடித்திருந்தால் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லையென்றால் காப்பியைக் குடித்துவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்பறமுங்க" என்று எழுந்துவிடுவார்கள். அதோடு சரி.

தரகர் என்னைக் காப்பி காயப்போடும் களத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்: "தம்பி, அவங்க மூத்த மாப்பிள்ளை ஆன்லைன் ரம்மி ஆடியே பொண்ணு கழுத்துல கெடந்ததைக்கூட வித்துப்போட்டான். அந்த மூத்த பொண்ணு இப்ப பொறந்த ஊட்லதான் இருக்குது. அதனால கம்ப்யூட்டருன்னாலே பொண்ணோட அப்பாவுக்கு நொம்பப் பயமுங்க. பாத்து நடந்துக்கங்க."

உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தேன். சூதாட்ட விடுதி வாசல் மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது.

அன்றே விளக்கை அணைக்க இறங்கினேன். கார்டு செய்த கம்பெனியின் விளக்கு மென்பொருளை இறக்கினால், 'கருவி எதுவும் இல்லை' என்றது. இல்லையாம்! கண்ணெதிரே பச்சைக்கு மாறிக்கொண்டிருக்கிறது, இல்லையாம். வேறொரு மென்பொருள் போட்டேன். அது மதர்போர்டு விளக்கை அணைத்தது, மெமரி விளக்கை அணைத்தது, கார்டைத் தொடவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும், ஒன்றை எடுத்துவிடு என்று இணையத்தில் ஒரு மகராசன் எழுதியிருந்தான். எடுத்தேன். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அழுத்திப் பிடி என்று இன்னொருவன். பிடித்தேன். கடைசியில் கார்டுக்குள் இருக்கும் ஆதார மென்பொருளையே புதுப்பித்துப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அதுவரை மெதுவாக நிறம் மாறிக்கொண்டிருந்தது, பிறகு படபடவென்று வெட்டி வெட்டி எரிய ஆரம்பித்தது. கார்டையே கழற்றலாம் என்றால் திரையில் ஒன்றும் வராது. கறுப்பு டேப் ஒட்டினேன், சூட்டில் உரிந்து தொங்கியது.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பிப் பழம் நிறுக்கும்போது அவர் சொன்ன எடையை ஒரு ஆள்கூட மறுத்துப் பேசியதில்லை. ஏமாற்றவும் தெரியாது, பொய் சொல்லவும் வராது. முயன்றால் காது சிவந்துவிடும்.

"ஏஞ்சாமி, அந்த லைட்டுக்குப் போற வயரை மட்டும் வெட்டி உட்டா ஆகாதா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு என்னப்பா தெரியும் இதைப் பத்தி? மவுஸைப் பிடிக்கத் தெரியாது, பேச வந்துட்டீங்க. பேசாம போங்க!" என்று கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா வெளியே போய்விட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அவர்கள் வருகிற அன்று பெட்டியை அணைத்து, கண்ணாடிப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்தேன். தரகரோடு பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் வந்தார்கள். மலையேறி வந்ததில் மாமனுக்குத் தலைசுற்றல். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே தோட்டத்தைப் பார்த்தார்கள், மிளகுக்கொடியைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகவே போனது. காப்பி குடிக்கும்போது தாய்மாமன், "தம்பி ஆபீஸு எங்கீங்க?" என்றார்.

"ஊட்லதானுங்க."

"அப்படியா, எங்க, என்ன வேலை செய்யறீங்கன்னு கொஞ்சம் போட்டுக் காட்டுங்க பாக்கலாம்."

மறுக்க முடியுமா? பட்டனைத் தட்டினேன். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பியது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது. புதிதாக வெள்ளையடித்த சுவர். பெட்டிக்குள் இருந்தவரை ஒரு சாண் வெளிச்சமாக இருந்தது, சுவரில் பட்டு ஆளுயரத்துக்குச் சிவப்பும் நீலமுமாகத் துள்ளியது. தாய்மாமன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இதென்னங்க தம்பி? எங்கூர்ல பசங்க கேம் ஆடற கடையில இப்படித்தானுங்க மினுக்கும்."

பெண்ணின் அப்பா சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் விளக்கியிருக்கலாம். அலங்கார விளக்குங்க, நிறுத்த முடியலீங்க, வேலை இந்தா இதுதானுங்க என்று மூன்று வார்த்தை போதும். ஆனால் உண்மையைச் சொன்னால்கூடப் பொய் மாதிரித்தான் கேட்கும் என்று பட்டது.

"அது என்னுதுங்க" என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பினார்கள். "ரிட்டையர்டு ஆயிட்டனுங்களா, பொழுது போகறதில்லை. கேம் ஆடலாம்னு நாந்தானுங்க வாங்கிப் போட்டன். காசு வச்செல்லாம் இல்லீங்க. பையனுக்கு வேலைக்கு லேப்டாப் இருக்குதுங்க."

"நீங்களா? என்ன கேமுங்க ஆடுவீங்க?" என்றார் தாய்மாமன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அப்பாவின் காது இரண்டும் சிவந்திருந்தன. "அது... கலர் கலரா வருமுங்க" என்றார்.

தாய்மாமன் வாய்விட்டுச் சிரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியை அணைத்துவிட்டு, முடித்த வேலைகளைப் போட்டு வைத்திருந்த, அதுவரை நினைப்பிலேயே வராத பழைய லேப்டாப்பைத் திறந்து, என் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கை நடுங்காமல், குரல் தடுமாறாமல் காட்டினேன். சீ, என்ன பிறவி நான்! பெண்ணின் அப்பா ஒரு வீட்டின் வாசலை உற்றுப் பார்த்து, "நல்லா இருக்குது தம்பி" என்றார். தரகர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அம்மா இலை போட்டாள். அவர்கள் உட்கார்ந்தார்கள்.

நானும் அப்பாவும் பரிமாறினோம். பெண்ணின் அப்பா சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்து முதல் வாய் எடுத்து வைத்தார். கை நனைந்துவிட்டது. சம்மதம். எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்து அப்பாவிடம் பேசினார். கோபமாக இல்லை, தன்மையாகத்தான். "தப்பா நினைக்காதீங்க. தம்பி தங்கமுங்க. நீங்கதான் கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கோணும். சும்மா பொழுதுபோக்குன்னுதானுங்க எங்க ஊட்லயும் ஆரம்பிச்சுது. இந்த வயசுல நமக்கு எதுக்குங்க அந்தப் பழக்கம்? பெத்த பையன் மானமா சம்பாரிக்கறான், அவன் பேரைக் கெடுத்தறாதீங்க."

"சரிங்க" என்றார் அப்பா. கையில் அப்பளத் தட்டோடு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார். "இனிமேல் இல்லீங்க."

அந்த 'இனிமேல் இல்லீங்க' என்னால் தாங்க முடியவில்லை. சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன்.

"மாமா, அது என்னுதுங்க. வேலைக்கு வாங்கினதுங்க. அந்த லைட்டை எவ்வளவோ பாத்தும் என்னால நிறுத்த முடியலீங்க. அப்பாவுக்கு அதை ஆன் பண்ணக்கூடத் தெரியாதுங்க."

பிசைந்த சோறு பெண்ணின் அப்பா விரலிலேயே நின்றது. தாய்மாமன் மெல்லுவதை நிறுத்தினார். நான் வீரம் பேசிவிட்டேன் என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடிதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத மனுஷன், சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் பொய்க்காரராக நின்றார். அப்படி நிற்க வைத்தது நான். என் மானத்தை அவர் தன் தலையில் வாங்கிக்கொண்டார். நான் அதைத் திருப்பி வாங்குகிற சாக்கில் அவருடையதைக் கப்பலேற்றிவிட்டேன். இதுவரை எனக்கு இதற்கு வேறு வழி தோன்றவில்லை, பேசாமல் இருந்திருந்தாலும் பாவம்தான்.

அப்பா அப்பளத் தட்டை வைத்துவிட்டுக் கை கூப்பினார். "பொய் சொன்னது நானுங்க. பையன் மேல தப்பில்லீங்க. அவனைப் புடிச்சுதானுங்க உக்காந்தீங்க, அதை மட்டும் மாத்திக்காதீங்க."

பெண்ணின் அப்பா விரலில் நின்ற சோற்றை இலையில் வைத்தார். அடுப்படி வாசலில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு பெண்ணின் அப்பா இலையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டார்.

"உக்காருங்க சம்பந்தி" என்றார். "நீங்களும் சாப்பிடுங்க."

அப்பாவுக்கு நான்தான் இலை போட்டேன். சோறு வைத்தேன். "போதுஞ்சாமி" என்றார் அவர், எப்போதும் சொல்கிற அதே குரலில். நான் குனிந்த தலையை நிமிர்த்தாமல் சாம்பார் ஊற்றினேன்.