மஞ்சள் கைப்பட்டி

அக்கா தோட்டம் கொடுத்த தன் லயக் காம்பராவை, அந்த ஓரறை வீட்டை, மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டுப் போன வாரத்தில்தான், நான் துரை பங்களாவில் ஈயச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசப் போனேன். தேயிலைத் தோட்டங்கள் இன்னும் வெள்ளைக்காரக் கம்பனிகளின் கையில் இருந்த காலம். அக்காவின் புருஷன் முந்தின வருடமே செத்துப்போயிருந்தார். அதன் பிறகு அக்கா மழையில் கொழுந்து எடுக்கும்போது சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மூன்று மாதம் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகாததால், வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். செக்ரோலில் பேர் இல்லாதவர்களுக்குக் காம்பரா இல்லை. அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். போக்கிடம் கிடையாது.

நான் அவளுக்கு உதவ வந்தவன் இல்லை. மழைக்கு ஒதுங்க வந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. பதுளையில் கடைப் பலகைகள் எழுதினேன். பண்டாரவளையில் பஸ்களுக்குப் பெயின்ட் அடித்தேன். பசறையில் ஒரு முஸ்லிம் தையல்காரரிடம் எட்டு மாதம் கோட்டு திருப்பினேன். வெள்ளைக்காரர்கள் கழித்துப்போட்ட கோட்டுகள் அவர் கடைக்கு மூட்டையாக வரும். வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும். தையலைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடி தைத்தால் புதுக் கோட்டு மாதிரி இருக்கும். கங்காணிமார் அதைத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டு மிடுக்காக நடப்பார்கள்.

தேயிலை அரைக்கும் ஸ்டோரின் வாசலில் நான் பலகை எழுதிக்கொண்டிருந்ததைத் துரை பார்த்தார். மறுநாள் பங்களாவுக்கு வரச் சொன்னார்.

ஜன்னலோரம் ஒரு மேசையில் முப்பத்தாறு சிப்பாய்கள் நின்றார்கள். சுண்டு விரல் உயரம். சீமையிலிருந்து வர்ணம் இல்லாமல் வந்தவை. பக்கத்தில் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி. அதற்குள் ஒரு கோட்டின் கை மட்டும் இருந்தது. துரையின் பாட்டனாருடைய அப்பா இந்தியாவில் சண்டை போட்டபோது போட்டிருந்த கோட்டாம். சிவப்பு, செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. மணிக்கட்டில் வைத்துத் தைத்த பட்டி பழைய நெய் மாதிரி மஞ்சள்.

சிவப்புக் கோட்டு எல்லாப் படைக்கும் பொதுவாம். எந்தப் படை என்பதைக் கழுத்துப் பட்டியும் கைப்பட்டியும்தான் சொல்லுமாம். பண்டாரவளைப் பக்கம் குடியிருந்த ஒரு பழைய பட்டாளத்துக்காரர் துரைக்குச் சிநேகிதர். அந்தப் படையின் பட்டி பச்சை என்று புத்தகத்தில் இருப்பதாக மூன்று வருடமாகச் சாதித்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசி ஞாயிறு அவர் சாப்பிட வருகிறார். அன்றைக்குச் சிப்பாய்களையும் கோட்டுக் கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டி அவர் வாயை அடைக்கவேண்டும்.

"சிவப்பு எப்படியும் அடி," என்றார் துரை. "மஞ்சள் இதே மஞ்சள். கொஞ்சம் மாறினா வேணாம்."

நான் அக்காவின் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு சிப்பாயை எடுத்து என் கையில் வைத்தார்.

"மஞ்சள் சரியா வந்தா உன் அக்கா பேரு செக்ரோல்ல வரும். வராட்டி ரெண்டு பேரும் தோட்டத்தில இல்ல."

வேலை காலை பத்து மணியிலிருந்து மூடுபனி இறங்கும்வரை மட்டும். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் பொய் சொல்லும். தகரத் துண்டில் ஒவ்வொரு கலவையாகப் பூசி, காய்ந்த பிறகு பட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஈரத்தில் ஒத்துப்போவது காய்ந்தால் இருண்டுவிடும். தகரத்தில் ஒத்துப்போனது சிப்பாயின் கையில் வைத்தால் அழுக்காகத் தெரியும். சின்னப் பொருளில் எந்த நிறமும் கனத்துப்போகிறது. அதனால் ஒரு சொட்டு வெள்ளை கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. மூன்று நாள் கலவைக்கே போயிற்று. பங்களாவின் அப்பு தேத்தண்ணீர் கொண்டுவரும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார். அவர் எங்கள் ஆள், இருபது வருடமாக அங்கே சமைப்பவர்.

"கோயில் முனியாண்டி சிலைக்கு மீசை வரைஞ்ச கை. பாத்து, வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் முறுக்கு மீசை வச்சிடாத."

இருபத்திரண்டு பேருக்குப் பட்டி பூசி முடித்த அன்று, பட்டியின் ஓரத்தில் ஒரு பூச்சித் துளை கண்ணில் பட்டது. துளைக்குள் பச்சையாக ஒரு புள்ளி. அங்கே எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கும். அதுதான் என்று விரலால் துடைத்தேன். போகவில்லை.

நான் அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் எட்டு மாதம் கோட்டு பிரித்த கை. துணியின் நிறம் தெரியவேண்டுமானால் மடிப்புக்குள் பார்க்கவேண்டும் என்பதுதான் அந்தக் கடையில் நான் கற்ற முதல் விஷயம். பிளேடால் நான்கு தையலை அறுத்து மடிப்பை விரித்தேன். உள்ளே வெயில் படாத துணி, முற்றிய தேயிலையின் பச்சை. அந்த மஞ்சள், பச்சை வெளுத்து மிஞ்சியது. பட்டாளத்துக்காரர் சொன்னதுதான் சரி.

அப்பு பின்னால் நின்றிருந்தார்.

"அடப்பாவி. துரையோட பாட்டனார் கையையே அறுத்துட்டியா?"

நான் மடிப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"பச்சைதான்," என்றார். "நான் பாக்கல. நீயும் பாக்கல. தேத்தண்ணி ஆறுது, குடி."

அன்று லயத்துக்குத் திரும்பியபோது அக்கா இடது கையால் சட்டி பானைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். போகுது என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால், வருகிற பட்டாளத்துக்காரர் பட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். அறுந்த நூல் தெரியும், தைத்து வைத்தால் புது நூல் தெரியும். உள்ளே பச்சையும் தெரியும். விருந்தாளிக்கு முன்னால் துரைக்கு அவமானம், அதோடு நாங்கள் தெருவில். முன்கூட்டியே சொன்னால், அவர் குடும்பத்துச் சொத்தை அறுத்தவன் என்று அன்றைக்கே தெருவில்.

காலையில் சொல்லிவிட்டேன். துரிதமாக, மூச்சு விடாமல் சொன்னேன். துரை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டுக் கையை ஜன்னலுக்கு எடுத்துப்போனார். மடிப்பை விரித்துப் பார்த்தார், மூடினார், மறுபடி விரித்தார். நான் தகரத் துண்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். அப்பு கதவருகே தட்டோடு நின்றார்.

"யாரு பாத்தது?"

"நான் மட்டுந்தாங்க துரை."

அவர் அப்புவைப் பார்க்கவில்லை. கோட்டுக் கையை என் முன்னால் வைத்தார்.

"தைச்சு மூடு. மஞ்சள்தான்."

நான்கே தையல். ஆனால் நூல் இல்லை. புது வெள்ளை நூல் பழைய துணியில் பல் மாதிரி இளித்தது. அப்புவிடம் தேயிலைச் சக்கையை வாங்கி வெந்நீரில் போட்டு நூலை ஊறவைத்தேன். முதல் தடவை சிவந்துவிட்டது. மறுபடி ஒரு நூல், தண்ணீர் கூட்டி. காயவைத்து, அடுப்புச் சாம்பலை விரலில் தொட்டு இழுத்தேன். பழைய ஊசித் துளைகளிலேயே கோத்து இழுத்தேன். அந்த வேலையில் நான் சேர்த்த நிறங்களிலேயே அச்சாக ஒத்துப்போனது அந்த நூல்தான். அதைச் செய்தேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. மிச்சம் பதினான்கு பேருக்கும் மஞ்சள் பூசினேன்.

ஞாயிறு பட்டாளத்துக்காரர் வந்தார். நெட்டையான ஆள், கையில் பிரம்பு. சாப்பாட்டுக்குப் பிறகு சிப்பாய்களைச் சுற்றி வந்து சிரித்தார். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்கு நிறங்களின் பேர் மட்டும் புரிந்தது. ஒருவர் பச்சை என்றார், மற்றவர் மஞ்சள் என்றார். நானும் அப்புவும் சாமான் அறைக் கதவின் பின்னால் நின்றோம். துரை பெட்டியைத் திறந்தார். விருந்தாளி ஒரு வார்த்தை கேட்காமல் தானே கோட்டுக் கையை வெளியே எடுத்தார்.

அவருடைய கட்டைவிரல் பட்டியின் ஓரமாகவே போயிற்று. என் நான்கு தையலின் மேல் வந்து நின்றது. அப்பு துடைத்துக்கொண்டிருந்த பீங்கானை அசைக்காமல் பிடித்திருந்தார். பட்டாளத்துக்காரர் துணியைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு மூக்கருகே. மோந்து பார்த்தார். தேயிலைச் சாயத்துக்கு வாசம் உண்டு என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அவர் ஏதோ சொன்னார். துரை சிரித்தார்.

"என்னண்ணே சொல்றாரு?"

"இந்த நாட்டுல செத்தவன் சட்டையும் தேயிலை நாறுதாம்," என்றார் அப்பு. அதன் பிறகுதான் பீங்கானைத் துடைத்தார்.

பட்டாளத்துக்காரர் கோட்டுக் கையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் துரைக்குக் கை கொடுத்தார். தோற்றேன் என்கிற மாதிரி பிரம்பை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். துரை கை கொடுத்துக்கொண்டே கதவிடுக்கில் நின்ற என்னைப் பார்த்தார். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கணக்கப்பிள்ளை செக்ரோலில் அக்காவின் பேரை எழுதிக்கொண்டிருந்தார். ஸ்டோரில் தேயிலையிலிருந்து குச்சி பொறுக்கும் வேலை. இடது கை போதும். காம்பராவும் அவளுக்கே. நான் கும்பிட்டேன். துரை தலையைத் தூக்கவில்லை.

"அக்கா இருக்கட்டும். நீ இருக்காத. இன்னிக்கு பஸ்ல போ."

துரைக்குத் தெரிந்து மடிப்புக்குள் பச்சையைப் பார்த்தவன் நான் மட்டும். அதை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அக்கா சாக்கிலிருந்து சட்டிகளை எடுத்து அடுப்பருகே அடுக்கிக்கொண்டிருந்தாள். என் துணிகளை நான் சுருட்டுவதைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"என்னடா செஞ்ச அங்க? சொன்ன கலரை அடிச்சிட்டு, வாயை மூடிட்டு வந்திருக்கலாம்ல?"

"அதைத்தாங்க்கா செஞ்சேன்."

அவள் நம்பவில்லை. இரண்டு ரொட்டியைக் காகிதத்தில் இடது கையால் சுற்ற முயன்றாள். அது பிரிந்துகொண்டே இருந்தது. நானே வாங்கிச் சுற்றிக்கொண்டு, பன்னிரண்டு மணி பசறை பஸ்ஸுக்கு இறங்கினேன்.