பூஜையில் வைத்த ஹார்டு டிஸ்க்

எங்கள் பழைய டெஸ்க்டாப்பின் ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போடத் தொடங்கியபோது, மகளின் முதல் வருடப் படங்கள் அதில் மட்டுமே இருந்தன. வேறெங்கும் நகல் எடுத்து வைக்காதது என் தவறு. கணினியை உடனே நிறுத்திவிட்டு, இரண்டாவதாக ஒரு டிஸ்க் வரவழைத்தேன். அது வந்த அன்று வீட்டில் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு ஸ்க்ரூடிரைவரும் பூஜைக்குப் போயிருந்தது. மாமியார் புது டிஸ்க்கையும் உறை பிரித்து அங்கே வைத்துவிட்டார். பூஜை எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது. காத்திருந்தேன்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்ததும் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கணினிப் பெட்டியைத் திறந்தேன். வயர்கள் இருந்தபடியே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். புது டிஸ்க்கைக் காலி இடத்தில் திருகி, இரண்டு கேபிள்களையும் செருகினேன். சோதித்துப் பார்க்கும்வரை பழையது வீணாகச் சுழல வேண்டாம் என்று அதன் கேபிளைக் கழற்றி வைத்தேன். ஆன் செய்தால், கணினி தன் பாகங்களைத் திரையில் காட்டும் பட்டியலில் டிஸ்க்கே இல்லை.

கேபிளை மாற்றினேன். அப்போதும் இல்லை. பழுதுபார்க்கும் ஆளை அழைத்திருக்க வேண்டுமோ?

“என்ன மக்ளே, பொட்டியைக் கொன்னுட்டியா?” என்று மாமியார் எட்டிப் பார்த்தார்.

“இல்லத்தே. புதுசைக் காணிக்கல்லே.”

டிஸ்க்கைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனேன். கேபிள் செருகும் இடத்தில், பொன்னிறக் கோடுகளின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

“அத்தே, இதுல சந்தனம் தொட்டீங்களா?”

“பின்னே? புதுசுக்குப் பொட்டு வைக்காண்டாமா? மேலெல்லாம் எழுத்தா இருந்திச்சி, எழுத்து சரஸ்வதியில்லா. அதான் ஓரத்துல வச்சேன்.”

“அந்த ஓரந்தான் அதுக்கு வாய்.”

“அப்போ பிரசாதம்னு நினைச்சுக்கிடச் சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து, உலரவிட்டுச் செருகினேன். பட்டியலில் வந்துவிட்டது.

பிறகு பழையதையும் இணைத்தேன். புதியதை ஃபார்மேட் செய்யுமுன் எந்த டிஸ்க் எது என்று மூன்று முறை படித்தேன். அந்த ஓர் இடத்தில் தவறிப் பழையதை அழித்துவிட்டால் மகளின் முதல் வருடம் மொத்தமும் போய்விடும். நகல் ஓடும்போது பழையது இரண்டு முறை டக்கென்றது, நிற்கவில்லை.

மதியத்துக்குள் முடிந்தது. புது டிஸ்க்கிலிருந்து ஒரு வீடியோவை ஓடவிட்டேன். திரையில் துணிச்சுருளுக்குள் ஒரு குழந்தை வீறிட்டது.

“வாவா,” என்று மகள் தன்னையே சுட்டிக் காட்டினாள். பாப்பாவுக்கு எங்கள் வீட்டுச் சொல் அது.

நான் இன்னும் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் திறந்தன.